பெயர் வெட்டியாகிவிட்டது

இன்ஸ்பெக்டர் வீரராகவன் ஐயா அவர்களுக்கு,

டீ நன்றாக இருந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குழந்தையைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்தவனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நான்கு முழுத்தாளும் கொடுத்து, "மொதல்லேர்ந்து எழுதுய்யா, ஒண்ணும் வுடாத" என்று சொன்னீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எதையும் முதலிலிருந்து வரிசையாகச் செய்கிறவன் நான்.

என் பெயர் ஆதிகேசவன். வயது முப்பத்து நான்கு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற கம்பி ஆலையில் பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர். எங்கள் ஸ்டோரில் ஒரு விதி உண்டு. பொருளை வாங்கிப் போனவர் "இது நான் கேட்டதில்லை" என்று திருப்பிக்கொண்டு வந்தால் ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. வந்த பொருளில் சிவப்புச் சீட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும். ஒரு முறை ஃபிட்டர் சுப்பராயன் ஒரே நட்டை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தான். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு அவனுடைய போல்ட்டில் இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போல்ட் என் பொறுப்பில் இல்லை.

என் மனைவி சம்பூர்ணம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். ஏழாம் மாதமே நான் பட்டணம் போய், எவர்சில்வரில் ஒரு டம்ளர், ஒரு பாலாடை, ஒரு கிண்ணம், ஒரு தட்டு வாங்கினேன். கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்த ஆளிடம் நான்கிலும் குழந்தையின் பெயரை வெட்டச் சொன்னேன். அவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொறக்கட்டுமே சார்" என்றான். "நீ வெட்டு நைனா" என்றேன். ஐயா, பித்தளையென்றால் உருக்கலாம். பேனாவால் எழுதியதென்றால் அடித்து எழுதலாம். எவர்சில்வரில் வெட்டிய பெயரை அழிக்க வழி கிடையாது. தேய்த்தால் டம்ளர்தான் பாழாகும். இதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் வரும்.

இந்த 1977ஆம் வருஷம் சித்திரையில் ஆஸ்பத்திரியில் பிரசவம். சுகப்பிரசவம்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம், அன்றைக்கே சம்பூர்ணம் மாறிவிட்டாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். உலை கொதித்தால் அதைப் பார்த்து அழுவாள். ஒரு நாள் தலையைப் பாதி வாரி, சீப்பை முடியிலேயே விட்டுவிட்டுப் பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோதும் சீப்பு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அழுதால் அடுத்த தெருவில் யாரோ அழுவது மாதிரி தலையைத் தூக்கிக் கேட்பாள், அவ்வளவுதான். பத்தாம் நாள் என்னைப் பார்த்து, "இது என்னுது இல்லீங்க" என்றாள்.

அந்த நாட்களில் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அங்காளம்மாள். அந்த அம்மாள் சொல்லித்தான் பொன்னேரியில் விக்டோரியா டாக்டரிடம் கூட்டிப் போனேன். நல்ல டாக்டர். பொறுமையாகப் பேசினார். சம்பூர்ணத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் ஞாபகசக்தி ஸ்டோரில் பெயர் பெற்றது.

"இதப் பாருங்க ஆதிகேசவன். வயித்துல புள்ள இருக்கிற வரைக்கும் ஒடம்புல சில சுரப்பெல்லாம் டேங்க் நெறையத் தண்ணி மாதிரி ஏறி நிக்கும். பொறந்த நாலு நாள்ல அவ்ளோவும் சரசரன்னு எறங்கிடும். அந்த எறக்கத்த மொதல்ல தாங்கவேண்டியது மூளை. தூக்கம், பயம், சந்தோஷம், புள்ள மேல பாசம், எல்லாம் அங்கிருந்துதானே நடக்குது? சில பொம்பளைங்க மூளை தடுமாறிப் போயிடும். சோம்பேறித்தனம் இல்ல, பேயும் இல்ல, அவ கெட்டவளும் இல்ல. மாத்திரை தரேன், விடாம குடுங்க. தூங்கவிடுங்க. நாலஞ்சு மாசத்துல பழைய சம்பூர்ணமா வந்துடுவா. ஒண்ணு மட்டும் கவனம். இந்த நேரத்துல அவ காதுல எது விழுந்தாலும் அப்படியே ஒட்டிக்கும். பாத்துப் பேசுங்க."

டாக்டர் அம்மா படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டோரில் வேலை பார்த்தவர் இல்லை. வாங்கிக்கொண்டவள் "இது என்னுடையதில்லை" என்கிறாள். மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? பொருளை மாற்றுவதற்கு முன்பே புகார் போய்விடும். அப்புறம் யாரிடம் போய் எதை மாற்றச் சொல்வது? எனவே மாத்திரைப் புட்டியைப் பத்திரமாக என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். தூக்கிப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அப்பாவு. எங்கள் ஆலையில் உலைக்காரன், எளாவூரில் வீடு, என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் மனைவி கன்னியம்மாவுக்கும் அதே நாள், அதே ஆஸ்பத்திரி, அடுத்த கட்டில். தலைப்பிரசவம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து உலைப் பக்கம் தோல் கையுறை கொடுக்கப் போனபோது, அவன் முகம் வாடியிருந்தது. விசாரித்தேன். கன்னியம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாளாம். குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை, குழந்தையைத் தொடுவதில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போனேன். வெறும் கையோடு போகவில்லை, சாத்துக்குடி வாங்கிப் போனேன். அப்பாவு சாறு பிழியும் நேரத்தில் கன்னியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவேன். நாலாவது ஞாயிறு அவள் சுவரைப் பார்த்தபடியே, "இது என் புள்ள இல்ல" என்றாள். அப்பாவு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

அவனை வாசலுக்கு அழைத்துப் போய் விஷயத்தை விளக்கினேன். இரண்டு பெண்கள், ஒரே நாள், அடுத்தடுத்த கட்டில், இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் கட்டுகிற துணிச்சீட்டு மாறிவிட்டது என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? சீட்டு மாறும் அப்பாவு, சீட்டு மாறி நான் எத்தனை பார்த்திருக்கிறேன், என்றேன்.

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "எனுக்கு இன்னா சார் தெரியும். படிச்சவரு நீங்க. மாறிப் போச்சுன்னா மாறித்தான் போயிருக்கும். அவ எய்ந்து ஒக்காந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சா போதும் சார். அதுக்கு நீங்க இன்னா சொன்னாலும் செய்றேன்" என்றான். நல்ல பையன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, பட்டணம் போகிற பாசஞ்சர் கிளம்பிய பிறகு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சில் மாற்றிக்கொண்டோம். எங்களிடம் இருந்த குழந்தையின் காலில் நான் முறைப்படி சிவப்புச் சீட்டுக் கட்டியிருந்தேன். அது காலை உதைத்து உதைத்துச் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவு தன் கையில் இருந்ததைக் கொடுக்கும்போது அதன் காதில் ஏதோ சொன்னான். ஸ்டோரில் யாரும் நட்டைத் திருப்பித் தரும்போது அதனிடம் பேசமாட்டார்கள். ஆனால் அவன் படிக்காதவன், பொறுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஏட்டையா வந்து என் நாற்காலியை எடுத்துப் போய்விட்டார். யாருக்காவது தேவைப்பட்டிருக்கும். இனி தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

காணாமல் போனது ஆணா பெண்ணா என்று காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வரிசையில் அது இப்போதுதான் வருகிறது. அப்பாவு கொடுத்தது ஆண். நான் கொடுத்தது பெண். டம்ளரில் வெட்டியிருந்த பெயர் ஆ. பச்சையப்பன்.

வீட்டுக்கு வந்ததும் அங்காளம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். "ஏம்பா, இன்னாப்பா இது? நேத்து வரிக்கும் இந்த ஊட்டுல பொட்டப்புள்ள கீதுன்னு நான் பாவாட தச்சிக்கினு இருந்தேனே" என்றாள். ஆஸ்பத்திரியில் சீட்டு மாறியிருந்தது, சரி செய்தாகிவிட்டது என்றேன். அவள் பாதி தைத்த பாவாடையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். தெருவில் மற்றவர்களுக்குக் கற்கண்டு கொடுத்தேன். எல்லோரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்றார்கள். ஐயா, பெண் ஆணாக மாறினால் யாரும் காரணம் கேட்பதில்லை. தலைகீழாக நடந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

பொருளை மாற்றியாகிவிட்டது. அன்று மாலையே டிராயரைத் திறந்து சம்பூர்ணத்துக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு வேளை தவறவில்லை. தீர்ந்ததும் பொன்னேரி போய் மறுபடி வாங்கி வந்தேன். மாத்திரை நன்றாக வேலை செய்தது. என் கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

முதலில் தூங்கினாள். இரண்டு நாள், மூன்று நாள், அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். பிறகு பசிக்கிறது என்றாள். ஆறாம் வாரம் தலையை முழுக்க வாரிப் பின்னிக்கொண்டாள். ஆவணியில் ஒரு நாள் காலை, பையனை மடியில் போட்டுப் பாலாடையில் பால் ஊட்டிக்கொண்டிருந்தவள், பாலாடையைத் திருப்பி அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். பிறகு சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, எம் பொண்ணு எங்க?"

"நீதானே உன்னுது இல்லைன்னு சொன்ன?" என்றேன்.

"அப்ப எனுக்கு ஒடம்பு செரியில்ல. உங்களுக்கு இன்னா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. பதினோரு வருஷத்தில் ஜலதோஷத்துக்குக்கூட லீவு போட்டதில்லை. பொறுமையாக அவளுக்கு எடுத்துச் சொன்னேன், அப்பாவுவிடம் மாற்றிக்கொண்டாகிவிட்டது, பெயரும் வெட்டியாகிவிட்டது என்று. நான்கு பாத்திரத்தையும் எடுத்துவந்து வரிசையாக வைத்துக் காட்டினேன். அவள் டம்ளரைக் கையில் எடுத்து, "இதுல ஊத்திக் குடுத்தா பொம்பளப் புள்ளைக்குத் தண்ணி எறங்காதா?" என்று கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. பதில் வரும் என்று நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தினமும் நான் வேலைக்குப் போனதும், பையனைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் மூன்று வாரமாகத் தினமும் கீரைதான். மார்க்கெட்டுக்குப் போகிறவள் கீரை மட்டும் வாங்கி வருகிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

அவள் போனது எளாவூருக்கு. அப்பாவு பிற்பாடு எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். முதல் நாள் இவள் உள்ளே நுழைந்தபோது கன்னியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பிறந்தது தூளியில் கிடந்திருக்கிறது, காலில் சிவப்புச் சீட்டோடு. மாற்றி இரண்டு மாதத்துக்கு மேலாகியும் அந்த முட்டாள் சீட்டை அவிழ்க்கவில்லை, நான் திட்டுவேன் என்று பயந்தானாம். சம்பூர்ணம் குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்திருக்கிறாள். சீட்டைப் பல்லால் கடித்து அறுத்திருக்கிறாள். அப்பாவு, "உன்னுத நீ எட்த்துக்கினு போயிடு தாயி, நா தப்பு பண்ணிட்டேன்" என்று காலில் விழுந்தானாம். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். சட்டப்படி அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அவள் கன்னியம்மாவைப் பார்த்தபடி நின்றாளாம். "இன்னிக்கு இத்த நா தூக்கினு போயி அத்த இங்க வுட்டா, அத்த யாரு பாத்துக்கறது? இவ எய்ந்து கேக்கட்டும், அப்ப எட்த்துக்கறேன்" என்று சொல்லித் தன் பெண்ணைத் திரும்பத் தூளியிலேயே போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம், ஐயா. தினமும் போய் இரண்டு குழந்தைக்கும் பால் கொடுத்து, அவளைக் குளிக்க வைத்து, கஞ்சி ஊட்டி, பொன்னேரிக்கு பஸ் ஏற்றி விக்டோரியா டாக்டரிடம் காட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து எனக்குக் கீரை கடைந்து போட்டிருக்கிறாள். பெண்ணைத் தினமும் அங்கே விட்டுவிட்டு வரும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே நடப்பாளாம். இதற்குப் பெயர் திட்டமிட்ட சதி என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டு வராந்தாவில் மருந்துக்குக் காத்திருக்கும்போது, கன்னியம்மா தானாகத் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்கையில கீறது என்னுதா?" என்று கேட்டிருக்கிறாள். சம்பூர்ணம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள். "அப்ப இது உன்னுது" என்று கன்னியம்மா தன் கையிலிருந்த பெண்ணை நீட்டியிருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, பொறுப்பான ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. அப்பாவு மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதானாம்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பெண்ணை எடுத்துக்கொண்டு அங்காளம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆ. பச்சையப்பன் எளாவூருக்குப் போய்விட்டான். அவனுக்கு அங்கே வேறு ஏதோ பெயராம். நான்கு பாத்திரமும் படியில் அடுக்கி வைத்திருந்தது. டம்ளரைச் சுற்றிச் சிவப்புச் சீட்டு ஒன்று கட்டியிருந்தது, ஓரத்தில் பல்பட்ட அடையாளத்தோடு. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று தெரியவில்லை. டம்ளரில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே என் மகனைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். புகார் இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் செரி, இந்தப் பேச்ச மொதல்ல எடுத்தது யாரு?" என்று கேட்டீர்கள். நடுவில் ஏட்டையா என் பெல்ட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார், பத்திரமாக வைக்க. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

சித்திரை மாதம், மத்தியானம். நர்ஸ் வெளியே வந்து, "ஆதிகேசவன் யாரு? பொண்ணு பொறந்திருக்கு" என்றார். அந்த நொடியிலேயே தவறு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து அதே நர்ஸ் அப்பாவுவைக் கூப்பிட்டுப் பையன் என்றார். அப்போது எங்கே தவறு என்பதும் தெரிந்துவிட்டது. உள்ளே போனேன். சம்பூர்ணம் குழந்தையை மார்போடு அணைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இது நம்முடையது இல்லை" என்றேன். அவள் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். காதில் விழுவது ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் அம்மா சொன்ன பிறகு மத்தியானமும் ஒரு தரம் சேர்த்துக்கொண்டேன். கன்னியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நான் பேசிய நாலு வார்த்தையும் அதேதான், "இது உன் பிள்ளை இல்லையம்மா". இரண்டு பேருமே நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

விக்டோரியா டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். மூளை தடுமாறியிருக்கிறது என்று அதில் எழுதியிருப்பது சம்பூர்ணத்தின் பெயருக்கு நேராகத்தான், என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.